அண்ணி ஏரியின் வரலாற்றில் சில திருத்தங்கள்

சாலபனி தேயிலைத் தோட்டம்
ஜல்பாய்குரி மாவட்டம்
10 நவம்பர் 1996

ஆசிரியர் அவர்களுக்கு,
உதயபள்ளி காலனி துர்கா பூஜை மலர், கல்கத்தா.

வணக்கம். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர் கௌசிக் உங்கள் காலனிக்காரர். பூஜை விடுமுறை முடிந்து திரும்பியவர் உங்கள் மலரையும் கொண்டுவந்தார். "படிச்சுப் பாருங்க பெரியம்மா, எங்க ஏரியில ஒரு அண்ணிப் பேய் இருக்கு. சின்ன வயசுல சோறு இறங்கலைன்னா அதைச் சொல்லித்தான் எங்கம்மா ஊட்டுவாங்க" என்று என் கையில் கொடுத்தார். நான் இங்கே இருபத்திரண்டு வருடமாகப் பிரசவ வார்டில் ஆயா.

திரு பரிதோஷ் தத்தா எழுதிய 'நம் ஏரியின் கதை' நன்றாகவே இருக்கிறது. செங்கல் சூளைக்காரர்கள் மண் வெட்டிய பள்ளம்தான் ஏரியானது, யுத்தகாலத்துச் சிப்பாய்கள் அதில் லாரி கழுவினார்கள், எல்லை தாண்டி வந்தவர்கள் கரையில் மூங்கில் தட்டி கட்டிக் குடியேறினார்கள் என்பதெல்லாம் நான் கேட்டதோடும் பார்த்ததோடும் ஒத்துப்போகிறது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் பேய் வந்த பிறகுதான் தப்புகள் ஆரம்பிக்கின்றன.

அவள் சிவப்புக் கரை வெள்ளைப் புடவை உடுத்தியிருக்கவில்லை. பச்சைக் கைத்தறி. முந்தானையில் இஸ்திரி சுட்ட ஓட்டை உண்டு. பௌர்ணமி இரவும் அல்ல. புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டுத் தட்டெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு. சங்கு வளையல்களைப் படிக்கட்டில் அடித்து உடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். உடைக்கவில்லை. சோப்பு போட்டுக் கழற்றினாள். ஒன்றில் கீறல் இருந்தது, அது முன்பே கதவில் மோதி விழுந்த கீறல். மீன் வறுக்கும் வாசனைக்கு ஜன்னலில் கை நீட்டுகிறாள் என்பதும் பொய். அவள் இருக்குமிடத்தில் மீன் நன்றாகவே கிடைக்கிறது. பாதங்கள் பின்பக்கமாகத் திரும்பியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இப்போதும் பார்த்தேன், முன்பக்கம்தான் இருக்கின்றன.

பால்கார நந்துவின் மனைவி 1979-ல் அக்கரையில் கண்டதாகச் சொல்லும் உருவத்தைப் பற்றி மட்டும் இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்தப் பேய் நான்தான்.

இப்படிக்கு,
அணிமா தத்தா


உதயபள்ளி காலனி, கல்கத்தா
24 நவம்பர் 1996

அண்ணியின் திருவடிகளில் வணங்கி பரிதோஷ் எழுதுவது.

ஐந்து தாள் கிழித்துவிட்டேன், இது ஆறாவது. மலருக்கு ஆசிரியரும் நான்தான், அதனால் கடிதம் என் கைக்கே வந்தது. உங்கள் கையெழுத்து மாறவே இல்லை. உறையைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. "யாரு கடுதாசி?" என்றாள் என் மனைவி சப்னா. "ஒரு வாசகர். கட்டுரையில தப்பு கண்டுபிடிச்சிருக்காரு" என்றேன். "உங்களுக்கு நல்லா வேணும். நாலு புத்தகத்தப் புரட்டிப் பாத்து எழுதுங்கன்னா கேட்டாத்தானே" என்றாள். அதற்கு நான் சிரிக்க வேண்டியிருந்தது.

அண்ணி, நீங்கள் உயிரோடு இருப்பது எங்களுக்குத் தெரியாது. ஏரியில் இரண்டு நாள் வலை போட்டார்கள். சூளைப் பள்ளம், அடியில் சேறு, உடல் புதைந்திருக்கும் என்று போலீசே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. நீங்கள் எங்கிருந்தாவது ஒரு வரி எழுதியிருந்தால் நானே ஓடிவந்திருப்பேன்.

இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். அம்மா 1983-ல் போனாள். அண்ணா 1989-ல் போனார், மாரடைப்பு. அவர் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உங்கள் பெண் மிட்டு நன்றாக இருக்கிறாள். அவளுக்கு இருபத்தாறு வயது, பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறாள். அண்ணா போன பிறகு நானும் சப்னாவும்தான் அவளுக்கு எல்லாம். பங்குனிக்கு முன்பு, பிப்ரவரி 24-ம் தேதி, கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பையன் பெயர் சுஜன், தங்கமான பையன். ஆனால் குடும்பம் கொஞ்சம் பழையகாலத்துக் குடும்பம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1991-ல் ஏரியைத் தூர்த்து வீடு கட்ட ஒரு ஆள் வந்தான். இடித்த கட்டடத்துக் குப்பையை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டினான். கூலிக்காரர்கள் மூன்றாம் நாளே வேலையை விட்டுப் போய்விட்டார்கள். "அண்ணி இருக்கற தண்ணியில நாங்க கை வைக்க மாட்டோம் பாபு" என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு இந்தக் காலனியில் காற்று வருகிறது, கொக்கு வருகிறது என்றால் அது உங்களால்தான். நான் எழுதிய பேய்க்கதை பாவமே என்று வைத்துக்கொண்டாலும் இப்படி ஒரு நல்லதும் செய்திருக்கிறது.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். கல்யாணம் முடியும்வரை இந்தக் கடிதப் போக்குவரத்து நம் இருவருக்குள் இருக்கட்டும். டாக்டரிடமும் எதுவும் சொல்லிவிடாதீர்கள். மிட்டுவின் நல்லதுக்காகத்தான் கேட்கிறேன்.

உங்கள்
பரிதோஷ்


சாலபனி
5 டிசம்பர் 1996

கொழுந்தனாரே,

ஒரு வரி எழுதியிருந்தால் ஓடிவந்திருப்பாயாமே. இந்த உறைக்குள் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன், டாக்டர் அறையில் இருக்கும் இயந்திரத்தில் எடுத்த நகல். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை அது. தேதி 17 ஜனவரி 1975. 'பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்தில் பி. தத்தா. அந்த 'பி'யின் வாலை நீ எப்போதும் கீழே இழுத்துச் சுழிப்பாய். கல்லூரி நோட்டுப் புத்தகத்தின் அட்டையெல்லாம் அந்தச் சுழிதான். அசல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஒரு கடிதம் அதற்கு முன்னால், ஒன்று அதற்குப் பின்னால். மூன்றும் உன் பெயருக்குத்தான் எழுதினேன். அந்த வீட்டில் வேறு யாருக்கு எழுதுவேன்?

நான் என்ன எழுதினேன் என்பது உனக்குத் தெரியும், இருந்தாலும் ஞாபகப்படுத்துகிறேன். ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது, அறை கிடைத்ததும் மிட்டுவைக் கூட்டிக்கொள்கிறேன், அதுவரை அம்மா இருக்கிறாள் என்று மட்டும் அவள் காதில் சொல், அவள் கேட்டால் சொல். அவ்வளவுதான் கேட்டேன்.

உன் அண்ணா போன செய்தி படித்த அன்று வீட்டில் மீன்குழம்பு வைத்திருந்தேன். விதவை மீன் தொடலாமா என்று கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்று யோசித்தேன். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டேன். அழுகை வரவில்லை. வரவில்லையே என்று வெட்கமாக இருந்தது, அதுவும் உண்மை.

நீ மலரில் எழுதினாயே, 'குடும்பத்தில் எந்தக் குறையும் இல்லாத அந்த இளம்பெண் ஏன் நீரில் இறங்கினாள் என்பது இன்றும் புதிர்' என்று. உனக்குப் புதிரா? உன் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் இருந்தது அரைச் செங்கல் சுவர். அவர் கை ஓங்கும்போதெல்லாம் உன் ரேடியோ சத்தம் கூடும். முதலில் எனக்கு அது புரியவில்லை. ஒருநாள் கதவில் மோதி என் வளையலில் கீறல் விழுந்தபோது, நீ கால்பந்து வர்ணனையைக் காது கிழியும்படி வைத்தாய். அன்று புரிந்தது.

நான் சாகிறதற்காக வளையலைக் கழற்றவில்லை. இனிமேல் அவருக்குப் பெண்டாட்டி இல்லை என்றுதான் கழற்றினேன். அதைத் துறைப் படியில் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்துபோனேன். உங்கள் காலனியில் சங்கு வளையலைக் கழற்ற ஒரு பெண்ணுக்கு இரண்டே காரணம்தான் உண்டு: புருஷன் செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் செத்திருக்க வேண்டும். புருஷன் உயிரோடு இருந்தார். ஆகவே நான் செத்தேன். யாரும் வேறு விதமாக யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

உன் ஏரியை நான் காப்பாற்றினேனாம். சந்தோஷம். மிட்டுவை யார் காப்பாற்றினார்கள்?

எனக்குக் கல்யாணத்துக்கு அழைப்பு வேண்டாம். ஆனால் அன்று காலையில் நாந்தி கொடுப்பீர்கள். பெண் வீட்டில் போய்ச்சேர்ந்தவர்கள் பெயரை வரிசையாகச் சொல்லிப் பிண்ட உருண்டை வைப்பீர்கள். தகப்பன் இல்லாத பெண், நீதான் உட்காருவாய். அந்த வரிசையில் என் பெயர் வரக்கூடாது. அதற்கு முன்னால் மிட்டுவிடம் சொல்.

அணிமா


உதயபள்ளி
29 டிசம்பர் 1996

அண்ணி,

அந்த நகலைப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். ஐம்பது வயதில் ஒருவன் பொய் சொல்லி மாட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

மூன்று கடிதமும் வந்தன. மூன்றும் இருக்கின்றன. பிஸ்கட் டப்பா ஒன்றில், அலமாரியின் மேல்தட்டில், உங்கள் வளையல்களோடு. வளையல்களைப் போலீஸ் திருப்பிக் கொடுத்தபோது அம்மா "ஏரியில போட்டுடு" என்றாள். போட மனசு வரவில்லை. வைத்துக்கொள்ளவும் வெட்கம். அதனால் டப்பாவில் போட்டு மூடினேன்.

ஏன் மறைத்தேன் என்று சொல்கிறேன். எழுதும்போதே தாளைத் திருப்பி வைக்கத் தோன்றுகிறது. நீங்கள் போன முதல் வாரம் காலனி முழுக்க ஒரே பேச்சு. "எவனோட போனாளோ" என்று குழாயடியில் அம்மா காதுபடவே சொன்னார்கள். அப்புறம் துறையில் வளையல் அகப்பட்டது. அதே ஜனங்கள் அன்றைக்கே மாறிப்போனார்கள். வீடு வீடாகப் பொங்கி எடுத்துவந்தார்கள். "மகராசி, கால் வழுக்கிருச்சு" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். உங்கள் முதல் கடிதம் வந்தபோது எனக்குச் சப்னா வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணி தண்ணீரில் தவறி விழுந்த வீட்டுக்குப் பெண் கொடுப்பார்கள். அண்ணி வீட்டைவிட்டுப் போன வீட்டுக்குக் கொடுக்கமாட்டார்கள். எனக்குச் சப்னாவைப் பிடித்திருந்தது. இவ்வளவுதான் அண்ணி. இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும் என்று இத்தனை வருடம் தேடியிருக்கிறேன்.

கல்யாணமாகி ஒரு மாதத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு எனக்குப் பையன் பிறக்கட்டும் என்று, பிறகு அம்மா காலம் முடியட்டும் என்று. பேய்க்கதையை யார் ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் அதற்குப் புடவை கட்டி, பாதத்தைத் திருப்பிவிட்டு, வருடா வருடம் பூஜை மலரில் வளர்த்தது நான். பேய் வலுவாக இருக்கும்வரை யாரும் டப்பாவைப் பற்றி யோசிக்கமாட்டார்கள் அல்லவா?

இதையும் சொல்லிவிடுகிறேன். மகாளய அமாவாசை காலையில் காலனி ஆண்கள் எல்லோரும் உங்கள் துறையில்தான் இறங்கி நின்று பித்ருக்களுக்கு நீர் விடுவோம். அண்ணா பதினைந்து வருடம் உங்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார். அப்போதெல்லாம் அவர் குரல் உடையும். நான் பக்கத்துப் படியில் நிற்பேன். அவர் போன பிறகு நான் விடுகிறேன். ஏழு வருடம். உயிரோடு இருப்பது தெரிந்தே, உங்கள் பெயரைச் சொல்லி, கையில் எள்ளை எடுத்து. இந்த வருடம் தண்ணீர் கை இடுக்கில் வழிந்தபோது "நல்லா சொல்லுங்க பாபு, பேரு கேக்கலை" என்றார் சக்ரவர்த்தி புரோகிதர். உரக்கச் சொன்னேன்.

மிட்டு ஒன்பது வயதிலிருந்து அந்தத் துறைக்குப் போய்ப் பேசுவாள். பரீட்சை மார்க், சிநேகிதியோடு சண்டை, பெண் பார்க்க வந்தது, எல்லாம் ஏரியிடம் ஒப்பிப்பாள். பள்ளிக்கூடத்தில் "பேய்ப் பொண்ணு" என்பார்கள். அதற்கும் அவள் அழுததில்லை. "எங்கம்மாவை நான் பாத்திருக்கேன், உங்களுக்குத்தான் தெரியாது" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வாள். அந்தப் பெண்ணிடம் போய் நான் என்ன சொல்வது?

இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாகவும், ஒரு தடவை மழையைப் பற்றியும் முடிந்துவிட்டது.

பரிதோஷ்


சாலபனி
14 ஜனவரி 1997

பரிதோஷ்,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று படித்தேன். வரி வரியாக உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். 'எங்கம்மாவை நான் பாத்திருக்கேன்' என்ற இடத்துக்கு வந்ததும் அந்த வரியையே மறுபடி படித்தேன்.

இப்போது என் முறை. மலரில் நீ எழுதிய நந்து மனைவியின் கதையைப் பற்றிச் சொல்வதற்கில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தேனே. சொல்வதற்கு இருந்தது. தைரியம்தான் இல்லை.

1979 ஜனவரி. உன்னிடமிருந்து பதில் வராமல் நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்குத் தனி அறை கிடைத்துவிட்டது, ஒரு தொட்டில்கட்டில்கூட வாங்கிப் போட்டிருந்தேன். அது நான்கு வயதுக் குழந்தைக்கானது. அவளுக்கு ஒன்பது ஆகியிருக்கும் என்று தெரிந்தும் அதைத்தான் வாங்கினேன். லீவு போட்டு ரயிலேறி விடியற்காலையில் சியால்தா ஸ்டேஷனில் இறங்கி, நேராக வீட்டுக்கு வந்து பெண்ணைக் கேட்க வேண்டும் என்று வந்தேன். ஏரிக்கரைவரை கால் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கரையெல்லாம் பனி. அக்கரையில் புங்கமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன்.

துறைப் படியில் பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பெண் வந்து நின்றாள். இரட்டைச் சடை, வெள்ளை ரிப்பன். நிற்கும்போது ஒரு கால்மேல் இன்னொரு காலைத் தேய்த்தாள். குழந்தையிலேயே அவளுக்கு அந்தப் பழக்கம். அவள் நேராக என்னைப் பார்த்தாள். நான் பேசுவதற்குள் எனக்குப் பின்னாலிருந்து நந்துவின் மனைவி பால் செம்பைப் போட்டுவிட்டு "ஐயோ, தத்தா வீட்டு அண்ணி! பேய், பேய்!" என்று அலறினாள். மிட்டு அலறவில்லை. கையைத் தூக்கினாள், ஆட்டவில்லை, தூக்கி மட்டும் வைத்துக்கொண்டாள்.

"நான் பேய் இல்லை" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் திரும்பி ஓடினேன். ஸ்டேஷன்வரை ஓடினேன். ரயிலில் உட்கார்ந்த பிறகு ஏன் ஓடினோம் என்று என்னையே கேட்டேன். ஜனங்கள் கூடுவார்கள், ஓடிப்போனவள் வந்துவிட்டாள் என்று கையைப் பிடித்து நிறுத்துவார்கள், பெண் முன்னால் கேள்வி கேட்பார்கள். குழந்தையை ஏன் விட்டுப் போனாய் என்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் வீட்டைவிட்டுப் போன அன்று மத்தியானம் மிட்டு உன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். அவள் விரலைப் பிரித்தால் கிழவி விழித்துக்கொள்வாள். நான் பிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அந்த விரல்கள் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே பேயாக இருப்பது எனக்கும் வசதியாகத்தான் இருந்திருக்கிறது, பரிதோஷ். செத்தவளை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நீ டப்பாவை மூடி வைத்தாய், நான் அதற்குள் சுகமாக உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு நான் உனக்கு எழுதவே இல்லையே, கவனித்தாயா?

நம் இருவருக்கும் வெட்கப்பட நிறைய இருக்கிறது. மிட்டுவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் 'பேய்ப் பொண்ணு' என்ற பேச்சைச் சுமந்தவள் அவள். சொல்லிவிடு. அவள் என்னைப் பார்க்கமாட்டேன் என்றால் அதையும் அப்படியே எழுது, மெருகு போடாதே. என் பெயருக்கு உருண்டை மட்டும் வைக்காதே. அது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

அணிமா


உதயபள்ளி
1 மார்ச் 1997

அண்ணி,

கல்யாணம் நடந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், மெருகு இல்லாமல்.

கல்யாணத்துக்கு முந்தின நாள்வரை நான் சொல்லவில்லை. கல்யாணத்தன்று விடியும் நேரத்தில் பெண்கள் சங்கு ஊதிக்கொண்டு நீர் எடுக்கப் போனார்கள். பெண்ணைக் குளிப்பாட்டும் தண்ணீர். வழக்கமாக எல்லோரும் தெருக்கோடிக் குளத்துக்குத்தான் போவார்கள், கல்யாணத் தண்ணீருக்கு அண்ணித் துறைக்கு யாரும் போகமாட்டார்கள். மிட்டு பிடிவாதம் பிடித்தாள். "எங்கம்மா தண்ணியிலதான் நான் குளிப்பேன். பயமா இருக்கறவங்க இங்கயே நில்லுங்க." நான்கு பேர்தான் போனார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். அவள் கடைசிப் படியில் குனிந்து தண்ணீரைத் தொட்டு, "அம்மா, கிளம்பறேன். நீ தனியா இருந்துக்குவேல்ல?" என்றாள். மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒரு மணி நேரத்தில் நாந்தி. தர்ப்பை மோதிரம் போட்டு உட்கார்ந்தேன். சக்ரவர்த்தி புரோகிதருக்கு எங்கள் வீட்டுப் பெயர்களெல்லாம் மனப்பாடம். அப்பா பெயர், தாத்தா பெயர், அண்ணா பெயர். அடுத்து அவரே "பெண்ணின் தாயார், அணிமா" என்று ஆரம்பித்தார். நான் உருண்டையைக் கையால் மூடிவிட்டேன்.

"என்ன பாபு, கையை எடுங்க" என்றார்.

"வேண்டாம். அவங்க உயிரோட இருக்காங்க" என்றேன்.

பந்தலில் இருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சப்னா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பட்டினி இருந்து மயக்கமா வருதா? என்ன பேசறீங்க?" அதற்குள் மிட்டு வந்துவிட்டாள். முகமெல்லாம் மஞ்சள்.

"எப்ப இருந்து தெரியும் சித்தப்பா?"

"இருபத்திரண்டு வருஷமா."

டப்பாவை எடுத்துவந்து கொடுத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து மூன்று கடிதத்தையும் படித்தாள், நீங்கள் இப்போது எழுதியவற்றையும் படித்தாள். முகத்து மஞ்சள் காய்ந்து உதிர்ந்தது. யாரும் கிட்டே போகவில்லை. கடைசியில் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப நான் இத்தனை வருஷமா யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?"



இன்னொன்று. மாப்பிள்ளை வீட்டிலிருந்து மஞ்சளும் அலங்கரித்த மீனும் சீராக எடுத்துக்கொண்டு சுஜனின் பெரியப்பா அப்போதுதான் வந்து நின்றார். விஷயம் காதில் விழுந்துவிட்டது. கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். எதற்குப் பயந்து இருபத்திரண்டு வருடம் உங்களைக் கொன்று வைத்திருந்தேனோ அது வந்தே விட்டது என்று நினைத்தேன். அவர் டீயை ஊதிக் குடித்துவிட்டு, "அந்தம்மா எங்க இருக்காங்க? ஜல்பாய்குரியா? நல்ல ஊரு. பேயைச் சம்பந்தியா வச்சுக்கறதுக்கு இது தேவலை. மீனை எங்க வைக்கணும்?" என்றார். அவ்வளவுதான். இதற்காகவா அண்ணி? இந்த ஒரு டம்ளர் டீ நேரத்துக்காகவா?

சப்னா என்னோடு பேசுவதில்லை. அவளைக் கட்டுவதற்காகத்தான் மறைத்தேன் என்று அன்று பந்தலில் நான் ஒப்புக்கொண்டதை மற்றவர்களோடு சேர்ந்து அவளும் கேட்டாள். மிட்டு புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது எல்லோர் காலிலும் விழுந்தாள். என்னிடம் வந்தபோது சற்று நின்றாள், பிறகு கடந்து போய்விட்டாள். உங்கள் வளையல்களையும் கடிதங்களையும் எடுத்துக்கொண்டாள். உங்களைப் பார்ப்பாளா மாட்டாளா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த மலரில் திருத்தம் போடுகிறேன், என் பெயரோடு. ஏரிக்கு என்ன ஆனாலும் ஆகட்டும்.

பரிதோஷ்


சாலபனி
21 மார்ச் 1997

பரிதோஷ்,

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அப்படி எழுதினால் நானும் யாரிடமாவது மன்னிப்பு வாங்கிவிட்ட மாதிரி ஆகிவிடும். ஆனால் அந்த உருண்டையை நீ கையால் மூடினாய் அல்லவா, அதை நான் மறக்கமாட்டேன்.

திருத்தம் போடு. ஆனால் பேயை முழுவதும் எடுத்துவிடாதே, லாரிக்காரன் வந்துவிடுவான். வேறு ஒரு அண்ணியை வைத்துக்கொள், பெயர் வைக்காமல். மீன் வாசனைக்கு அவள் வரட்டும்.

டாக்டர் கௌசிக்குக்கு விஷயம் தெரிந்ததிலிருந்து, ஊசிமருந்து கேட்டு நான் கை நீட்டினால் கொஞ்சம் தயங்கித்தான் கொடுக்கிறார். பேயிடமே பேய்க்கதை சொல்லியிருக்கிறேன் என்று தன் அம்மாவுக்கு எழுதியிருக்கிறாராம்.

மிட்டு வந்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை முன்னறிவிப்பில்லாமல் வந்தாள். சுஜன் ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டு, "நீ முதல்ல போ, நான் அப்புறமா வரேன்" என்று சொன்னானாம். நல்ல பிள்ளைதான். வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் கோபமாகத்தான் பேசுகிறாள். அவள் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொல்கிறேன். அன்று பனியில் ஏன் ஓடினாய் என்று கேட்டாள். உனக்கு எழுதியதையே சொன்னேன். எழுந்துபோய்த் துணி துவைத்தாள். எட்டாம் வகுப்பில் கணக்கில் முப்பத்தொன்று வாங்கியதை மட்டும் ஏரியிடம் சொல்லாமல் மறைத்துவிட்டாளாம். நேற்று அதை என்னிடம் சொன்னாள்.

அவள் வந்து நின்ற விதத்தை முதலில் எழுத வரவில்லை, அதனால் கடைசியில் வைத்தேன். கதவைத் திறந்தேன். கையில் புதுச் சங்கு வளையல், நெற்றி வகிட்டில் குங்குமம். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாசற்படியிலேயே மண்டியிட்டுக் குனிந்தாள். கும்பிடத்தான் குனிகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அதற்கு என்ன தகுதி என்று வெட்கப்பட்டுக் காலைப் பின்னுக்கு இழுத்தேன். அவள் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தடவினாள், பிறகு விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"முன்னாடிதான் இருக்கு" என்றாள்.

அணிமா